மூளைக்கு மூச்சு முட்டினால் நீர் மாத்திரை! தெரியுமா?

கால் வீங்கிய பாட்டிக்கும், ரத்தக் கொதிப்புள்ள தாத்தாவுக்கும், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் இதய நோயாளிக்கும் டாக்டர் எழுதிக்கொடுக்கிறாரே நீர் மாத்திரை, அந்த வகையைச் சேர்ந்த மருந்து ஒன்று, ஆக்சிஜன் கிடைக்காமல் சாகக் கிடந்த மூளை நரம்பணுக்களைக் காப்பாற்றியிருக்கிறது, தெரியுமா? ஆய்வுக்கூட எலிகளின் மூளையில்தான். ஆனாலும் காப்பாற்றியிருக்கிறது!

இதைவிட ஆச்சரியம் இன்னொன்று உண்டு. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் நீர் மாத்திரைகளில் ஒரு பெரிய குடும்பத்தின் பூர்விகம் எது தெரியுமா? சாயம்! ஆமாங்க, வீரபாண்டியிலும் மங்கலத்திலும் அருள்புரத்திலும் துணியில் ஏற்றுகிறோமே, அந்தச் சாயத் தொழில்தான். இந்தக் கதையைத் திருப்பூர்க்காரர்கள் படிக்காமல் வேறு யார் படிப்பது?

முதலில் மூளையின் பசியைப் பாருங்கள். உடம்பின் எடையில் அது ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடம்புக்குள் போகும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடுகிறது! அதோடு, நாளைக்கென்று எடுத்துவைக்கும் பழக்கமும் அதற்குக் கிடையாது. ரத்த ஓட்டம் நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும். நாலைந்து நிமிடத்தில் நரம்பணுக்கள் சாகத் தொடங்கும். பெரிய ரத்தக்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில், சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு கோடி!

சரி, சிறுநீர் பிரிய வைக்கும் மருந்துக்கு மூளையில் என்ன வேலை?

சிறுநீரகம் என்பது பிறக்கும்போதே நமக்குள் பொருத்தி அனுப்பப்பட்ட ஜீரோ டிஸ்சார்ஜ் பிளான்ட். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட வைத்ததே, அதற்குப் பிறகு ஆர்.ஓ., எவாப்பரேட்டர், உப்பு மீட்பு என்று கோடி கோடியாகக் கொட்டி நாம் கற்றுக்கொண்ட வேலையை அது ஓசையில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு அது வடிகட்டும் நீர் 180 லிட்டர்! வெளியே போவது ஒன்று அல்லது இரண்டு லிட்டர். மிச்சமெல்லாம் திரும்ப உள்ளே வந்துவிடும். வழி சுலபம். உப்பை இழுத்துக்கொண்டால் தண்ணீர் தானாகப் பின்னாலேயே வரும். உப்பை இழுப்பதற்கென்று சிறுநீரக அணுக்களின் சுவரில் நுண்ணிய கதவுகள் உண்டு. நீர் மாத்திரை அந்தக் கதவுகளில் ஏதாவது ஒன்றை அடைக்கும். உப்பு திரும்பாது, தண்ணீரும் திரும்பாது, பாத்ரூமுக்கு ஓட வேண்டியதுதான்.

இப்போது கேளுங்கள்: அந்த உப்புக் கதவுகளும் அவற்றின் பங்காளிகளும் மூளை நரம்பணுக்களிலும் இருக்கின்றன! ஆக்சிஜன் தடைபட்டால் அவை தாறுமாறாகத் திறந்துகொள்கின்றன. நீர் மாத்திரையை வைத்து மூளையைக் காக்கப் பார்க்கும் ஆராய்ச்சிகளுக்கு அடிப்படை இந்த ஒரு சங்கதிதான்.

சாயக் கதைக்கு வருவோம். ஜெர்மனியில் வுப்பர் என்ற ஆற்றங்கரையில் பார்மன், எல்பர்ஃபெல்ட் என்று இரண்டு ஊர்கள். நூல், நெசவு, சலவை, சாயம் என்று பிழைத்த ஊர்கள். இப்போது வுப்பர்டால் நகரத்துக்குள் அடக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஆறு பட்டறைகள் விட்ட நிறத்திலெல்லாம் ஓடியது. நொய்யலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே 1863இல் பிரெட்ரிக் பேயர் என்ற சாய வியாபாரியும் வெஸ்காட் என்ற சாயக்காரரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிதான் பேயர், தெரியுமா? ஆஸ்பிரின் எல்லாம் பிற்பாடு வந்தது. முதல் சரக்கு சாயம்!

அந்தக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் 1932இல் ஒரு சிவப்புச் சாயம் பிறந்தது. பெயர் புரோன்டோசில். கெர்ஹார்ட் டோமாக் அதைக் கிருமி தாக்கிய எலிகளுக்குக் கொடுத்தார், எலிகள் பிழைத்தன! அவருடைய சொந்த மகளுக்கே கையில் புண் புரையோடியபோது இந்தச் சாயம்தான் உயிர் கொடுத்தது. 1939இல் நோபல் பரிசு. ஆனால் 1935இலேயே பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் ஒரு குட்டை உடைத்துவிட்டார்கள். உடம்புக்குள் போனதும் அந்தச் சாயம் இரண்டாக உடைகிறது. வேலை செய்வது சிவப்பே இல்லாத பாதி! அதுதான் சல்ஃபா மருந்து. நிறம் சும்மா கூட வந்ததுதான்.

சல்ஃபா சாப்பிட்ட நோயாளிகளின் சிறுநீரும் ரத்தமும் விசித்திரமாக மாறின. சிறுநீரில் காரம், ரத்தத்தில் அமிலம். பக்க விளைவு என்று ஒதுக்காமல் சிலர் அதைத் துருவினார்கள். 1949இல் பாஸ்டனில் வில்லியம் ஷ்வார்ட்ஸ் என்ற டாக்டர், இதயம் தளர்ந்து உடம்பில் நீர் கோத்தவர்களுக்கு சல்ஃபாவையே கொடுத்துப் பார்த்தார். உப்பும் நீரும் வெளியேறின! அடுத்த ஆண்டே ஒரு அமெரிக்கக் கம்பெனியின் ரசாயனக்காரர்கள் அதன் மூலக்கூறைச் செதுக்கி அசிட்டசோலமைடு செய்தார்கள். அந்த வழியில் இன்னும் நடந்துதான் தையசைடுகளும் பியூரோசெமைடும் பியூமெட்டனைடும் வந்தன. பியூரோசெமைடு என்றால் தெரியாது, லேசிக்ஸ் என்றால் வீட்டுக்கு வீடு தெரியும். அதைக் கண்டுபிடித்தது ஹோக்ஸ்ட் கம்பெனி. டையிங் மாஸ்டர்களே, ரெமசால் சாயம் யார் கண்டுபிடிப்பு? அதே ஹோக்ஸ்ட்! இரண்டும் சில ஆண்டு இடைவெளியில், 1950களின் கடைசியில் பிறந்தவை.

மூளையைச் சுற்றி ஒரு தடுப்பு இருப்பதைக் காட்டிக்கொடுத்ததும் சாயம்தான், தெரியுமா? 1885இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர் ஒரு புத்தகம் போட்டார். உயிருக்கு ஆக்சிஜன் எவ்வளவு வேண்டும் என்பதைச் சாயங்களை வைத்துக் கண்டறியும் ஆராய்ச்சி அது. விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தை ஏற்றினார். ஈரல் நிறம் பிடித்தது, தசை நிறம் பிடித்தது. மூளை மட்டும் வெள்ளையாகவே இருந்தது! மூளைக்குச் சாயம் ஒட்டவில்லை போலும் என்று அவர் விட்டுவிட்டார். அவருடைய சீடர் எட்வின் கோல்ட்மன் 1913இல் டிரைபன் புளூவை மூளையைச் சூழ்ந்த நீரிலேயே நேராகச் செலுத்தினார். மூளை நீலமானது, உடம்பு வெள்ளையாக நின்றது! ஆக, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது. டிரைபன் புளூ பருத்திக்குப் போடும் சாயம் என்பதையும், இன்று கண்புரை அறுவையில் லென்ஸின் மெல்லிய உறையைக் கண்ணுக்குத் தெரிய வைக்க அதையே கண் டாக்டர்கள் சொட்டு விடுகிறார்கள் என்பதையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த மதில் பின்னால் பெரிய வில்லத்தனம் செய்யப்போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் பஞ்சத்துக்கு நீர் மாத்திரை கொடுத்துப் பார்த்தவர்களில் நம் ராணுவ மருத்துவர்களும் உண்டு, தெரியுமா? 1962 சீனப் போரில் சமவெளிச் சிப்பாய்களை இமயத்தின் உச்சிக்கு அவசர அவசரமாகக் கொண்டுபோனார்கள். காற்று மெலிந்த இடம். தலைவலி, வாந்தி, மயக்கம். சிலருக்கு நுரையீரலில் நீர், சிலருக்கு மூளையில் வீக்கம். இந்தர் சிங்கும் உடனிருந்தவர்களும், 11,000 அடியிலிருந்து 18,000 அடி வரையான உயரத்தில் நோயுற்ற 1,925 படைவீரர்களைப் பற்றி 1969இல் எழுதிய கட்டுரை இன்றும் உலகெங்கும் மலை மருத்துவர்கள் மேற்கோள் காட்டுவது. நோய்ப்பட்டவர்களுக்குச் சிறுநீர் குறைந்துபோவதை அவர்கள் கவனித்தார்கள். லேசிக்ஸ் வகை மருந்தைக் கொடுத்தார்கள். நல்ல பலன் என்று எழுதினார்கள். பிற்காலத்தார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பை அது மேலும் வற்றடித்துவிடும் என்று மலைநோய்க்கு அதைக் கைவிட்டார்கள். இடத்தைப் பிடித்துக்கொண்டது யார்? சல்ஃபாவின் மூத்த பிள்ளை அசிட்டசோலமைடு! அது சிறுநீரகத்தை ஏமாற்றிக் காரத்தை வெளியே விட வைக்கிறது, ரத்தம் லேசாக அமிலமாகிறது, உடனே மூளை வேகமாக மூச்சு வாங்கச் சொல்கிறது, ஆக்சிஜன் கூடுகிறது. லே, லடாக் போகிறவர்களின் பையில் இருக்கும் மாத்திரை இதுதான். டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது, அது வேறு.

இனி, தொடக்கத்தில் சொன்ன எலி மூளை. சாயம் ஏற்றும்போது பி.எச். பத்தரை, பதினொன்றில் சோடா; பிறகு அசிட்டிக் ஆசிட் விட்டு ஏழுக்குக் கொண்டுவருவது; அரைப் புள்ளி தப்பினாலும் ஷேடு போச்சு. பி.எச். என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மூளைக்கும் அதே கண்டிப்பு உண்டு. அதன் இயல்பான அளவு ஏழே கால், ஏழு புள்ளி மூன்று. ஆக்சிஜன் நின்றதும் அணுக்கள் ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையை எரிக்கப் பார்க்கும், லாக்டிக் அமிலம் சேரும், பி.எச். ஆறரைக்கும் கீழே சரியும். அமிலம் பட்டால் திறக்கும் கதவுகள் நரம்பணுக்களில் இருப்பதை 1997இல் பிரான்ஸில் மிஷேல் லாஸ்டுன்ஸ்கியின் குழு கண்டது. கதவு திறந்ததும் சோடியமும் கால்சியமும் குபுகுபுவென்று உள்ளே புகும். கால்சியம் மிஞ்சினால் அணு தன்னைத்தானே அரித்துத் தின்னும்.

அந்தக் கதவை அடைக்கும் பொருள் எது தெரியுமா? அமிலோரைடு! பொட்டாசியத்தை வீணாக்காத நீர் மாத்திரை என்று பல காலமாகக் கடையில் இருந்த சாது. (இது மட்டும் சல்ஃபா வம்சம் அல்ல, தனி வீட்டுப் பிள்ளை.) 2004இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஷியோங் ஷிகாங், ரோஜர் சைமன் ஆகியோர் சுண்டெலிகளுக்கும் எலிகளுக்கும் மூளை ரத்தக்குழாயை அடைத்துப் பக்கவாதம் வரவழைத்தார்கள். அமிலோரைடு பெற்றவற்றுக்கு மூளைச் சேதம் வெகுவாகக் குறைந்தது! இன்னொரு மருந்தும் சோதித்தார்கள், அதைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள்: டிரினிடாட் தீவின் ராட்சதச் சிலந்தி விஷம். அதில் உள்ள ஒரு புரதம் இதே கதவைத் துல்லியமாகப் பூட்டும். சேதம் ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது. பக்கவாதம் தொடங்கி ஐந்து மணி நேரம் கழித்துக் கொடுத்தாலும் பலன் இருந்ததாக 2007இல் எழுதினார்கள்.

இங்கேதான் எர்லிக்கின் மதில் குறுக்கே நிற்கிறது. அந்த எலிகளுக்கு மருந்தை வாய்வழி கொடுக்கவில்லை. மூளைக்குள்ளேயே ஊசி போட்டார்கள். மாத்திரையாக விழுங்கினால் அமிலோரைடு மதிலைத் தாண்டி உள்ளே போவது சொற்பம். அதனால் வீட்டில் மிச்சமிருக்கும் நீர் மாத்திரையைப் பக்கவாதக்காரர் வாயில் போடும் யோசனை யாருக்காவது வந்திருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். உடம்பில் நீர் வற்றினால் பக்கவாதம் மோசமாகும். விழுங்க முடியாதவருக்குப் புரையும் ஏறும். 108க்குப் போன் போடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

அடுத்தது வியப்போடு வயிறும் கலங்கும் சங்கதி. கிளாபர் சால்ட் இல்லாமல் இங்கே டையிங் ஏது? அது சோடியம் சல்ஃபேட். கழிவுநீர்த் தொட்டியின் அடியில் காற்றுப் புகாத சேற்றில் சில நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதில் அந்த சல்ஃபேட்டையே வைத்து மூச்சு விடுகின்றன, தெரியுமா? ஆக்சிஜன் பஞ்சத்தை ஆதிகாலத்திலேயே வென்ற ஜீவன்கள்! ஆனால் அவை வெளியே விடும் மூச்சு ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் நாற்றமே தெரியாமல் போகும், ஏனென்றால் முகரும் நரம்பை அது மரத்துப்போக வைத்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவருக்கு அங்கேதான் எமன். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தாலும் அணுக்கள் அதைப் பயன்படுத்த முடியாதபடி இந்த வாயு செய்துவிடும். இரண்டொரு மூச்சில் ஆள் சாய்வார். தூக்கப் போகிறவரும் சாய்வார்.

2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் மூன்று பேர் அப்படித்தான் போனார்கள். மனிதரை இறக்கக் கூடாது என்ற சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. இழப்பீடு பத்து லட்சம் என்று 2014இலும், முப்பது லட்சம் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தச் சாவுக்கு மாத்திரை தேட வேண்டியதில்லை. இயந்திரம் இருக்கிறது, இறக்காமல் இருந்தால் போதும்.

மறுபடி நீர் மாத்திரைக்கு வருவோம். பிறந்த குழந்தையின் மூளை நம் மூளைக்குத் தலைகீழாக இயங்குகிறது, தெரியுமா? மூளையில் காபா என்று ஒரு ரசாயனம். பெரியவர்களின் நரம்பணுவை அது அடக்கும். பச்சிளங்குழந்தையின் நரம்பணுவில் குளோரைடு உப்பு அதிகம். அதனால் அங்கே அதே காபா கிளப்பிவிடும்! பிரசவத்தில் மூச்சு முட்டிய குழந்தைக்கு வலிப்பு வந்தால், காபாவைத் துணைக்கு அழைக்கும் வழக்கமான மருந்து பல நேரம் சரியாகக் கைகொடுக்காததற்கு இது ஒரு காரணம். குளோரைடை உள்ளே ஏற்றும் பம்ப்பை அடைத்தால்? அடைக்கக்கூடியது ஒரு நீர் மாத்திரை, பியூமெட்டனைடு! 2005இல் விலங்குகளில் பலன் தெரிந்தது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஐரோப்பாவில் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 14 குழந்தைகளோடு நிறுத்திவிட்டார்கள். வலிப்பு அடங்கியதற்குச் சான்று இல்லை. பிழைத்த 11 பேரில் மூவருக்குக் காது கேட்கவில்லை. அதே பம்ப் உள்காதிலும் இருக்கிறது, கேட்பதற்கான நீரை அதுதான் தயார் செய்கிறது! பாஸ்டனில் 43 குழந்தைகளை வைத்து நடந்து, 2021இல் முடிவு வெளியான சோதனையில் வலிப்பு ஓரளவு குறைந்தது. காது பற்றிய கவலை அங்கும் போகவில்லை.

மருந்தே வேண்டாம், குளிர வைத்தால் போதும் என்றது இன்னொரு வழி. மூச்சு முட்டிப் பிறந்த குழந்தையின் உடம்பை 33.5 டிகிரிக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்தால் மூளை தப்பும் என்று பணக்கார நாடுகளில் நிரூபித்தார்கள். அங்கே லட்சக்கணக்கில் விலை போகும் கருவிக்குப் பதிலாக, குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் ஒரு பொருளை அடைத்த குளிர்த் தொட்டிலை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். நம் ஊர் மூளை! ஆனால் அடுத்து வந்தது இடி. 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வில் சென்னை மருத்துவக் கல்லூரியின் எழும்பூர் மருத்துவமனைகளும் இருந்தன. குளிர வைத்தவர்களில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள். குளிர வைக்காதவர்களில் 31! லண்டனில் காக்கும் வைத்தியம் எழும்பூரில் காக்கவில்லை. இங்கே மூளைக் காயம் பிரசவ வலிக்கு முன்பே தொடங்கிவிடுகிறதோ என்று இப்போது தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையிலேயே பெரிய தெரியுமா இதுதான். கருவியை இறக்குமதி செய்யலாம், ஆய்வு முடிவை இறக்குமதி செய்ய முடியாது.

அமிலோரைடும் சறுக்கியிருக்கிறது. நரம்பு உறை சிதையும் நோய் உள்ளவர்களுக்குப் பிரிட்டனில் கொடுத்துப் பார்த்தார்கள். மூளை சுருங்குவது நிற்கவில்லை என்று 2020இல் முடிவு வந்தது. ஆனால் சிலந்தி விடவில்லை! ஆஸ்திரேலியாவின் கரி தீவில் ஒரு புனல்வலைச் சிலந்தி. கடித்தால் உயிருக்கே ஆபத்து. அதன் விஷத்திலிருந்து குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கிளென் கிங் குழு எடுத்த புரதம், அதே அமிலக் கதவைப் பூட்டி, பக்கவாதம் வந்து எட்டு மணி நேரம் ஆன எலிகளின் மூளையைக்கூடக் காத்தது. 2017இல் வெளியான ஆய்வு அது.

அதே 2017இல் வந்த இன்னொரு செய்தியோடு விடைபெறுகிறேன். ஆப்பிரிக்க மண்ணுக்குள் கூட்டமாக வாழும் முடியில்லாத ஒரு எலி, துளி ஆக்சிஜன் இல்லாத அறையில் 18 நிமிடம் கிடந்து, காற்றைக் காட்டியதும் எழுந்து நடந்தது! சாதாரணச் சுண்டெலி ஒரு நிமிடம் தாங்காது. எப்படிச் சமாளிக்கிறது தெரியுமா? வழக்கமான குளுக்கோஸை ஓரங்கட்டிவிட்டு, செடிகொடிகளைப் போல ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையை மூளையிலும் இதயத்திலும் எரிக்கிறது. அமிலம் பட்டாலும் அதற்கு எரிச்சல் தெரிவதில்லை!